அசைவூட்டக் கல்வியும் கிராம இளைஞரும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் காலமும், குறுவைக்கு நாற்றங்கால் தயாரிக்கும் காலமும் காவிரிப் படுகையில் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. நாற்று விடுவதற்கு முன் நம் விவசாயி பலவற்றை விசாரிக்கிறார். விதை சான்று பெற்றதா, அதன் வயது எத்தனை நாள், மேட்டூர் அணையின் நீர்மட்டம் என்ன, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எந்த இரகத்தைச் சிபாரிசு செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே விதையை ஊறப்போடுகிறார். ஆனால் மகனையோ மகளையோ ஒரு படிப்பில் சேர்க்கும்போது இத்தகைய விசாரணை பெரும்பாலும் நடைபெறுவதில்லை. விளம்பரத் துண்டு ஒன்று கைக்கு வருகிறது. யாரோ ஒருவர் நல்ல வேலை கிடைக்கும் என்கிறார். நகையோ நிலமோ ஈடு வைக்கப்படுகிறது.

இவ்வாறு அவசரத்தில் சேர்க்கப்படும் படிப்புக்களில் ஒன்று, கணிப்பொறியைக் கொண்டு சித்திரங்களுக்கு அசைவூட்டுவதும், திரைப்படங்களில் தந்திரக் காட்சிகளை அமைப்பதுமாகும். 'அனிமேஷன்' என்றும், 'கிராபிக்ஸ்' என்றும் நம் மக்கள் வழங்குவது இதனையே. குத்தாலம் வட்டாரத்தைப் போன்ற நெல் விளையும் பகுதிகளிலும் இப்படிப்பை நாடும் இளைஞர்கள் உண்டு. ஆகவே இதைப் பற்றிய உண்மைகளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது அவசியம்.

நாம் கூற விரும்புவதைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். இது கற்கத் தகுந்த நல்ல தொழில். ஆயினும், நிலத்தை ஈடு வைத்து, தொலைவிலுள்ள பெருநகரத்தில் இலட்சக் கணக்கில் கட்டணம் செலுத்தித் தொடங்க வேண்டிய தொழிலன்று. சமுதாயக் கல்லூரி போன்ற எளிய இடத்தில், குறைந்த செலவில், சில மாத காலம் பயின்று, விருப்பமும் தகுதியும் உண்டா என்று கண்டுகொண்ட பின்னரே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.

இத்தொழில் யாது?

திரையில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டப்படும்போது, நம் கண்ணும் மூளையும் அவற்றை ஒரே அசைவாக ஏற்றுக்கொள்கின்றன. திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் செல்கின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். காமிரா இவற்றைத் தானே எடுத்துவிடுகிறது. சித்திரப் படத்திலோ ஒவ்வொன்றையும் மனிதர் உண்டாக்க வேண்டும். ஒரு சித்திரத்தை இரு முறை காட்டும் சிக்கன வழியைக் கையாண்டாலும், நிமிடத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் ஒருவரே வரைவதில்லை. ஓர் ஆள் குனிந்து நாற்று நடுவதைக் காட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் நிலை, குனியும் நிலை, விரலால் நாற்றைச் சேற்றில் ஊன்றும் நிலை என்ற முக்கிய நிலைகளைத் தேர்ந்த ஓவியர் வரைவார். இவற்றின் இடையில் வரும் படங்களைப் பயிற்சி பெறும் ஓவியர்கள் நிரப்புவார்கள். இன்று கணிப்பொறியில் செய்யும்போதும் இதே முறைதான். முக்கிய நிலைகளை மனிதர் அமைக்க, இடைநிலைகளை இயந்திரம் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் அந்த ஆளின் உடற்பாரம் எந்தக் காலில் தங்குகிறது, முதுகு எவ்வாறு வளைகிறது என்பதை இயந்திரம் அறியாது. வயலில் நடவாட்களைக் கூர்ந்து கவனித்த கண்ணே அதைத் திருத்தும்.

தந்திரக் காட்சி என்பது இதன் உடன்பிறப்பு. நடிகரைப் பச்சைத் திரையின் முன் நிறுத்திப் படம் பிடித்து, பச்சை நிறத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் கடலையோ மலையையோ சேர்ப்பது ஒரு முறை. பச்சைத் திரை இல்லாத காட்சியில், ஒவ்வொரு படத்திலும் உருவத்தின் ஓரத்தைக் கோடிட்டு வெட்டி எடுப்பது மற்றொரு முறை. இதற்கு 'ரோட்டோ' என்று பெயர். அமெரிக்கர் மாக்ஸ் ஃப்ளைஷர் என்பவர் 1915-ஆம் ஆண்டில் உரிமை கோரிய 'ரோட்டோஸ்கோப்' என்னும் கருவியிலிருந்து வந்த பெயர் இது. கயிற்றில் தொங்கும் நடிகரின் படத்திலிருந்து கயிற்றை அழிப்பது, காமிரா சென்ற வழியைக் கணக்கிட்டுக் கணிப்பொறி உருவத்தை அதனோடு பொருத்துவது, எல்லாவற்றையும் ஒளியும் நிழலும் ஒத்துப்போகுமாறு ஒரே படமாகச் சேர்ப்பது ஆகியவை பிற வேலைகள்.

பத்து விநாடி ஓடும் காட்சியொன்றில் 240 படங்கள் உள்ளன. இறுதிப் படத்தைத் தயாரிக்க ஒவ்வொன்றுக்கும் கணிப்பொறிக்கு 5 நிமிடம் தேவைப்பட்டால், ஒரே கணிப்பொறி 20 மணி நேரம் இடைவிடாது உழைக்க வேண்டும். இத்தொழிலில் பொறுமைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

பழங்கலையின் தொடர்ச்சி

இவ்வித்தை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தோற்பாவைக் கூத்தில், பதப்படுத்திய தோலில் உருவம் வரைந்து, கை கால் மூட்டுக்களைத் தனித்தனியே வெட்டி, நூலால் கோத்து, விளக்கின் முன் ஆட்டுவது வழக்கம். கணிப்பொறியில் ஓர் உருவத்துக்கு உள்ளே எலும்பும் மூட்டும் அமைத்து அசையச் செய்வதும் அதே சிந்தனையின் வழிப்பட்டதே. சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவத்தை முழுமையாகச் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்க்கிறார்கள். எப்பக்கம் திருப்பினாலும் அளவு பிசகாத உருவத்தை அமைக்கும் அப்பயிற்சி, கணிப்பொறியில் முப்பரிமாண உருவம் அமைப்போருக்கும் இன்றியமையாதது.

திரைப்படத் துறையிலும் நமக்கு நெடிய அனுபவம் உண்டு. 1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில், கடோத்கசன் முன் பட்சணங்கள் தாமே நகர்ந்து செல்லும் காட்சியைக் கண்டு வியக்காதவர் இல்லை. கணிப்பொறியே இல்லாத அக்காலத்தில், காமிராவின் துணையாலும் கைத்திறனாலும் அமைக்கப்பட்டவை அவை. அப்படத்தின் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், மத்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் சித்திரப் படப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. வால்ட் டிஸ்னி ஸ்தாபனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் அங்கு வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவி, ஆலமரத்து மானின் கதையைக் கூறும் படம் அப்பயிற்சியின் விளைவாக 1957-இல் உருவாயிற்று. இந்தியச் சித்திரப் படத் துறையின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ராம் மோகன் அப்பிரிவில் பணியாற்றித் தேர்ந்தவர். அவர்கள் பயின்றது கல்லூரிக் கட்டடத்தில் அன்று. வேலை நடக்கும் இடத்தில், வேலையைச் செய்துகொண்டே பயின்றார்கள். இக்குறிப்பை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னர்க் கணிப்பொறிக் காலம் வந்தது. 2000-ஆம் ஆண்டில் சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் ஸ்தாபனம், பாண்டவர் கதையை முழுவதும் கணிப்பொறியாலேயே முப்பரிமாணப் படமாக்கியது. 2014-இல் 'கோச்சடையான்' படத்தில் நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிந்து, கணிப்பொறி உருவத்துக்கு ஏற்றும் முறை கையாளப்பட்டது.

சமுதாயக் கல்லூரி

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. மக்கள் இருக்கும் இடத்துக்கே அறிவும் கருவியும் வந்து சேர வேண்டும் என்பது அதன் கொள்கை. கல்வித் துறையில் அக்கொள்கைக்கு ஒப்பானது சமுதாயக் கல்லூரி.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய கல்லூரியே இவ்வகையில் அங்குள்ளவற்றுள் பழமையானது. அருகிலுள்ளோர் வீட்டிலிருந்தே வந்து, குறைந்த கட்டணத்தில் ஒன்றிரண்டு ஆண்டு பயின்று, வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்வது அதன் ஏற்பாடு. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலைக் கத்தோலிக்க உயர் மறை மாவட்டமும் இம்முயற்சியைத் தொடங்கின. 1999-இல் சேவியர் அல்போன்ஸ் அடிகளார் சென்னையில் நிறுவிய மையம், பல மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகள் தோன்ற வழிகாட்டியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், வயது கடந்தவர், ஏழைப் பெண்கள் ஆகியோரைக் கருத்திற்கொண்டு, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய மூன்றையும் அவர் ஒன்றாக இணைத்தார். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளை ஏற்று, தொழிற்பட்டயங்கள் வழங்க முன்வந்தது.

2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு, சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு திட்டம் வகுத்தது. ஆறு மாதத்துக்குச் சான்றிதழ், ஓராண்டுக்குப் பட்டயம், இரண்டாண்டுக்கு உயர் பட்டயம் என்று அதில் படிகள் அமைந்தன. 2014-இல் தொழிற்கல்விப் பட்டத்துக்கான திட்டம் வந்தது. அதில் ஓராண்டோடு நிறுத்தினால் பட்டயம், இரண்டாண்டானால் உயர் பட்டயம், மூன்றாண்டானால் பட்டம். பாடத்தில் 60 பங்கு தொழில் திறனும், 40 பங்கு பொதுக் கல்வியும் இருக்க வேண்டும் என்பது விதி.

இப்படி ஏறிச் செல்லும் முறையே விவசாயக் குடும்பத்துக்கு மிகுந்த அனுகூலமாகும். மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்து ஓராண்டில் விலகுபவருக்குப் பழைய முறையில் கையில் ஒன்றும் மிஞ்சாது. படிகளுள்ள முறையில், நின்ற படிக்கு உரிய சான்று உண்டு. வெள்ளத்தாலோ வறட்சியாலோ ஒரு போகம் பொய்த்து, மாணவர் படிப்பை நிறுத்தி வேலைக்குச் செல்ல நேர்ந்தாலும், கற்றது வீணாவதில்லை.

என்ன கற்பிக்கப்பட வேண்டும்?

நல்ல பாடத்திட்டம் கணிப்பொறியிலிருந்து தொடங்குவதில்லை, பென்சிலிலிருந்து தொடங்குகிறது. மனித உடல், மாடு, மரம், ஓடும் நீர் ஆகியவற்றைப் பார்த்து வரைதல் முதற்பாடம். பந்து விழுந்து எழும்புவதைச் சித்திரித்தல் அசைவின் அரிச்சுவடி. விழும்போது வேகம் கூடுவதையும், எழும்பும்போது குறைவதையும் மாணவர் இதிலேயே கற்றுக்கொள்கிறார். அடுத்து மனிதர் நடக்கும் நடை. பிறகு கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுதல். இவற்றுக்குப் பின்னரே முப்பரிமாண உருவம் அமைத்தல், ஒளியமைத்தல், காட்சிகளை இணைத்தல் ஆகியவை வர வேண்டும். மாணவர் தாம் செய்தவற்றுள் சிறந்தவற்றைத் தொகுத்து, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத மாதிரிப் படமாக வைத்திருத்தல் வேண்டும். வேலை கொடுப்போர் முதலில் பார்ப்பது சான்றிதழை அன்று, இம்மாதிரிப் படத்தையே.

கருவிகளின் செலவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 'பிளெண்டர்' என்னும் மென்பொருள் 2002 முதல் யாவருக்கும் இலவசமாகக் கிடைத்து வருகிறது. லாத்வியா என்பது ஐரோப்பாவில் 20 இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட சிறு நாடு. அந்நாட்டுக் கலைஞர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், சிறு குழுவோடு, இவ்விலவச மென்பொருளைக் கொண்டே 'ஃப்ளோ' என்ற படத்தை உருவாக்கினார். வெள்ளத்தில் வீட்டை இழந்த பூனையொன்றின் கதையான அப்படம், 2025 மார்ச்சில் சிறந்த சித்திரப் படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. விலையுயர்ந்த மென்பொருள் இருந்தால்தான் கற்க முடியும் என்று கூறிப் பெருங்கட்டணம் கேட்போருக்கு இது தக்க மறுமொழி.

வேலையின் நிலை

இனி, விளம்பரத் துண்டுகள் கூறாத செய்திக்கு வருவோம். இத்தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி.

புதுச்சேரியில் தொடங்கும் கதையைக் கொண்ட 'லைஃப் ஆஃப் பை' படத்தை நம் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். அதில் படகில் வரும் புலி, பெரும்பாலான காட்சிகளில் கணிப்பொறியால் உண்டாக்கப்பட்டது. அதைச் செய்த ரிதம் அண்டு ஹியூஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனத்துக்கு நம் நாட்டிலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அவ்வேலைக்காக ஆஸ்கர் பரிசு கிடைத்தது. பரிசு வழங்கப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த ஸ்தாபனம் திவாலாகி நீதிமன்றத்தை நாடியிருந்தது. 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கிருந்து வர வேண்டிய வேலை உலகெங்கும் குன்றியது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டுக் குழுமம் நிலைகுலைந்தபோது, பெங்களூரில் அதன்கீழ் உழைத்த ஆயிரக்கணக்கானோர் திடீரென வேலையிழந்தனர்.

மேலும் ஒன்று. உருவத்தின் ஓரம் வெட்டுதல், கயிறு அழித்தல் போன்ற தொடக்க வேலைகளை மேல்நாட்டு ஸ்தாபனங்கள் கூலிக் குறைவு கருதி இந்தியாவுக்கு அனுப்பின. புதிதாகப் பயின்றோர் பலருக்கு முதல் வேலை கிடைத்தது இவற்றில்தான். இவ்வேலைகளைத் தாமே செய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பெருகி வருகின்றன. நடவு இயந்திரம் வயலில் இறங்கியபோது, நடவு ஒன்றையே அறிந்தவருக்கு வேலை குறைந்தது; மண்ணும் நீரும் பயிரும் அறிந்தவருக்குக் குறையவில்லை. ஒரே மென்பொருளில் ஒரே வேலையை மட்டும் மூன்று மாதத்தில் கற்றுத் தருவதாகக் கூறும் பயிற்சி, நடவு மட்டும் அறிந்தவரின் நிலையிலேயே மாணவரை நிறுத்தும். வரைதலும் கதை அமைத்தலும் ஒளியறிவும் பெற்றவர் கருவி மாறினாலும் நிலைத்து நிற்பார்.

திரைப்படத்துக்கு வெளியே

இக்கல்விக்குச் சினிமா ஒன்றே புகலிடமன்று. நெற்பயிரைத் தாக்கும் குருத்துப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். தாய் அந்து இலை நுனியருகே முட்டையிடுகிறது. வெளிவரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே புகுந்து உண்கிறது. இளம் பயிரில் நடுக்குருத்து காய்கிறது. கதிர் வரும் பருவத்தில் வெண்கதிர் தோன்றுகிறது. தண்டினுள் நடப்பதைக் காமிராவால் எளிதில் காட்ட முடியாது. ஒரு நிமிடச் சித்திரப் படம் அதைப் பள்ளிச் சிறுவரும் புரிந்துகொள்ளுமாறு காட்டிவிடும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய 'சாபோ' என்னும் குழு, விவசாயம், சுகாதாரம் பற்றிய சிறு சித்திரப் படங்களைத் தயாரித்து, அவற்றுக்குப் பல மொழிகளில் குரல் சேர்த்து இலவசமாக வழங்கி வருகிறது. படம் ஒன்றே, மொழி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு விவசாயிகளுக்கு, காற்றுப் புகாத கலத்தில் பயறு விதையைச் சேமிக்கும் முறையை இவ்வாறு கற்பித்தனர். ஈராண்டு கழித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் அம்முறையை நினைவில் வைத்திருந்ததோடு, கைக்கொண்டும் வந்தனர் என்று தெரிந்தது. காவிரிப் படுகையின் பேச்சிலும் சூழலிலும் இத்தகைய படங்களை ஆக்குவதற்கு, இம்மண்ணில் பிறந்து இக்கலையைக் கற்றவரைவிடத் தகுந்தவர் யார்?

செலவும் கடனும்

குத்தாலம் இரயில் நிலையமும் பஸ் வசதியும் உள்ள ஊர். மேற்கே கும்பகோணமும் கிழக்கே மயிலாடுதுறையும் நாள்தோறும் சென்று திரும்பும் தொலைவில் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பயின்றால் விடுதிச் செலவு இல்லை. ஓவியமும் சிற்பமும் காட்சித் தொடர்பு வடிவமைப்பும் கற்க விரும்புவோருக்குக் கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி உள்ளது. பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான தேசியப் பாடத்திட்டத்தில் பல்லூடகம், அசைவூட்டம், தந்திரக் காட்சி ஆகியவற்றுக்கான ஓராண்டுத் தொழிற்பிரிவு உண்டு. அது எந்த நிலையத்தில் நடைபெறுகிறது என்பதை விசாரித்தறிய வேண்டும். சமுதாயக் கல்லூரியில் தேர்ந்து, ஆர்வம் குன்றாத மாணவர், சென்னைத் தரமணியில் தமிழ்நாடு அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் நான்காண்டுப் பட்டப் படிப்புக்கு முயலலாம். அசைவூட்டமும் காட்சி விளைவும் அங்கு ஒரு தனிப் பிரிவாகும்.

கடன் வாங்கியே தீர வேண்டுமாயின், தனியாரிடம் நிலத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன் வங்கியை அணுக வேண்டும். திறன் பயிற்சிக்கென 2015-இல் வகுக்கப்பட்ட கடன் திட்டத்தில் ரூ.1,50,000 வரை வழங்க இடமிருந்தது. 2024-இல் அவ்வரம்பு ரூ.7,50,000 ஆக உயர்த்தப்பட்டது. இதற்கு அரசின் உத்தரவாத நிதி துணை நிற்கிறது. எனினும், வரம்பு உயர்ந்ததற்காக வரம்பு முழுவதும் கடன் வாங்க வேண்டும் என்பதில்லை. முதல் வேலையின் ஊதியம் சிறிதாகவே இருக்கும். அதில் நகர வாடகையும் உணவும் போக மிஞ்சுவதைக் கொண்டு கடனை அடைக்க முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பெயர்ப் பலகையில் 'சமுதாயக் கல்லூரி' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. நேரில் சென்று கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் நலம்.

1. சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு? அந்த அங்கீகாரம் இவ்வாண்டும் நடப்பில் உள்ளதா? உத்தரவின் நகலைக் காட்டுவார்களா?

2. 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இப்படிப்புக்கு எந்த நிலை?

3. எத்தனை மாணவருக்கு எத்தனை கணிப்பொறி? வகுப்பு முடிந்த பின் பயிற்சி செய்ய அனுமதி உண்டா?

4. ஆசிரியர் இத்தொழிலில் வேலை செய்தவரா? அவர் செய்த படத்தைப் பார்க்க இயலுமா?

5. வரைதல் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி?

6. வேலையிடப் பயிற்சி எங்கே, எத்தனை வாரம்? எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா?

7. சென்ற ஆண்டு முடித்த மாணவர் இருவர் மூவருடன் பேச முடியுமா?

8. இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா?

இவற்றுள் ஏழாவது கேள்விக்குத் தயங்குமிடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்காதிருத்தலே அறிவுடைமை.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவ்விஷயத்தில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். கல்லூரி நடத்துவது அதன் கடமையன்று; வழிகாட்டுவது அதனால் ஆகக்கூடியதே. தேர்வு முடிவு வெளியாகும் மாதத்தில், கூட்டமொன்று கூட்டி, சுற்றுப்புறத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள், கல்லூரிகள், அவற்றின் கட்டணங்கள் ஆகியவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். வங்கி அதிகாரி ஒருவரை அழைத்துக் கடன் விதிகளை விளக்கச் செய்யலாம். நூலகத்தில் கணிப்பொறி இருந்தால், இலவச மென்பொருளை ஏற்றி, விடுமுறையில் சிறுவர்களுக்கு வாய்ப்பளிக்கலாம். வெளியூரில் இத்தொழிலில் உள்ள நம் ஊரார் பொங்கலுக்கு வரும்போது, இளைஞர்களிடம் நன்மை தீமை இரண்டையும் பேசச் சொல்லலாம். பெண் பிள்ளைகளை இதில் தவறாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணும் கையும் பொறுமையும் வேண்டும் இத்தொழிலில் அவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கியவரல்லர்.

இன்னும் எளிய சோதனை ஒன்றுண்டு. இப்படிப்பில் சேர விரும்பும் பிள்ளையிடம் 40 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, நாள்தோறும் கண்ணில் படும் ஒன்றை வரையச் சொல்லுங்கள். மடையில் நீர் பாய்வது, கொக்கு எழும்பிப் பறப்பது, பாட்டி முறத்தில் நெல் புடைப்பது என எதுவாயினும் சரி. 40 நாள் முடிவில் நோட்டு நிரம்பியிருந்தால், அப்பிள்ளையை நம்பி அடுத்த படிக்குச் செலவு செய்யலாம். பத்தாம் நாளிலேயே நோட்டு மூலையில் கிடந்தால், பிள்ளைக்கும் குற்றமில்லை, பெற்றோருக்கும் நஷ்டமில்லை. வேறு தொழிலைத் தேடிக்கொள்ளலாம். நிலம் கைவிட்டுப் போன பிறகு இதைக் கண்டுகொள்வதைவிட இது நன்றல்லவா?

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரிலிருந்து நாள்தோறும் சென்றுவரும் தொலைவில் எத்தகைய தொழிற்கல்வி நிலையங்கள் உள்ளன? அவற்றுள் அரசு அங்கீகாரம் பெற்றவை எவை?

2. படிப்புக்காக நிலத்தை ஈடு வைத்த குடும்பங்கள் நம் ஊரில் உண்டா? அவர்களின் அனுபவம் யாது?

3. நம் வயல்களில் விவசாயிகளுக்கு விளங்காதிருக்கும் எந்த விஷயத்தைச் சித்திரப் படமாகக் காட்டினால் பயன் விளையும்? அதை வரையக்கூடிய கை நம் பள்ளியில் உண்டா?